ஆடு கடிக்காத வேலி

வீட்டுக்கு நடுவில் முற்றம் இருந்தவரை வானம் வீட்டுக்குள்ளேயே இருந்தது. செட்டிநாட்டு வளவு வீடும் தஞ்சைப் பக்கத்து ஓட்டு வீடும் பக்கத்து வீட்டுச் சுவரோடு தோளை ஒட்டி நின்றவை. தெருவுக்குத் திண்ணையைக் கொடுத்துவிட்டு, தமக்கென்று முற்றத்தை வைத்துக்கொண்டவை. வடகம் காய்வதும் தலை உலர்த்துவதும் மத்தியானத்தில் கால் நீட்டி உட்கார்வதும் நாலு பக்கமும் தாழ்வாரம் சூழ்ந்த அந்தச் சதுரத்தில் நடந்தன. அங்கே எட்டிப் பார்க்கக் காக்கையால்தான் முடியும்.

பிறகு பங்களா வந்தது. வெள்ளைக்கார அதிகாரி மனையின் மையத்தில் வீட்டை நிறுத்தி, சுற்றிலும் வெளி விட்டார். அவருக்கு ஏக்கர் கணக்கில் நிலம் இருந்தது. அதே வடிவத்தை நாம் மூன்று சென்ட்டிலும் ஐந்து சென்ட்டிலும் கட்டிக்கொண்டிருக்கிறோம். பக்கவாட்டில் இவ்வளவு, பின்னால் இவ்வளவு இடம் விட வேண்டும் என்று 2019இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளும் சொல்கின்றன. காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் தீ பிடித்தால் ஆள் புகுவதற்கும் அந்த இடம் வேண்டியதுதான். ஆனால் உள்ளே இருந்த முற்றம் இப்போது துண்டுதுண்டாக வீட்டைச் சுற்றி வெளியே கிடக்கிறது. பக்கத்து மனை காலியாக இருக்கும்வரை இது உறைப்பதில்லை. அங்கே ஒரு மாடி எழும்பி, அந்த மாடியில் ஒரு ஜன்னல் திறந்த அன்றுதான், துணி துவைக்கும் கல்லும் மாவரைத்த கையோடு வந்து நிற்கும் பின்வாசலும் பொதுவிடமாகிவிட்டது தெரியவரும்.

இதற்குச் சட்டத்தில் இடம் உண்டா என்று தேடினால் சுவாரசியமான ஒரு மூலையில் போய் நிற்போம். 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, வழக்கத்தால் வரும் உரிமைகளைப் பற்றியது. அதற்குக் கொடுத்திருக்கும் உதாரணங்களில் ஒன்று ஜன்னலைப் பற்றியதுதான். பக்கத்து வீட்டின் மறைவைக் குலைக்கும்படி புது ஜன்னல் வைக்கக் கூடாது என்ற வழக்கம் ஓர் ஊரில் இருக்குமானால், அந்த வழக்கம் செல்லும் என்கிறது. குஜராத்தில் இந்த வழக்கத்தை நீதிமன்றம் ஏற்றது. 1888இல் அலகாபாத் உயர் நீதிமன்றமும் ஏற்றது. சென்னை உயர் நீதிமன்றம் 19ஆம் நூற்றாண்டிலேயே வேறு பக்கம் நின்றுவிட்டது: ஜன்னல் திறப்பது வழக்குப் போடத்தக்க தவறு ஆகாது. இங்கிலாந்திலும் 1865இல் பிரபுக்கள் சபை அப்படியே சொல்லியிருந்தது. அவன் நிலத்தில் அவன் ஜன்னல் வைக்கலாம். உன் நிலத்தில் நீ மறைப்பு எழுப்பிக்கொள்ளலாம். ஆக, நம் ஊரில் இந்தப் பிரச்சினைக்கு நீதிமன்றம் காட்டும் வழி நர்சரிக்குத்தான் போகிறது.

நர்சரியில் எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள். "சீக்கிரமா வளர்ற மாதிரி ஏதாச்சும் குடுங்கண்ணா." அதோடு நிற்பதில்லை. தண்ணீர் அதிகம் கேட்கக் கூடாது. பூச்சி வரக் கூடாது. ஆடுமாடு வாய் வைக்கக் கூடாது. வருடம் முழுவதும் பச்சையாக இருக்க வேண்டும். வெட்டினால் உடனே தழைய வேண்டும், குச்சியை ஒடித்து ஊன்றினாலும் பிடித்துக்கொள்ள வேண்டும். கேட்பவர்மேல் தப்பில்லை, மாடி ஜன்னல் காத்திருக்காது. நர்சரிக்காரர்மேலும் தப்பில்லை, கேட்டதைத்தான் கொடுக்கிறார். ஆனால் இந்தப் பட்டியலை ஒரு தாவரவியல் மாணவனிடம் நீட்டி, இந்தக் குணங்களெல்லாம் சேர்ந்த செடிக்கு என்ன பெயர் என்று கேட்டால், அவன் யோசிக்காமல் களை என்பான்.

தமிழ்நாட்டு நிலத்தைப் பிடித்து ஆட்டிய அயல் செடிகளின் பெயர்களை வரிசையாக எழுதிப் பாருங்கள். பெரும்பாலானவை ஏதாவதொரு காலத்தில் யாரோ ஒருவருக்கு வேலியாக வந்தவை, இல்லாவிட்டால் வேலியாகப் பயன்பட்டுப் பரவியவை.

சப்பாத்திக்கள்ளியிலிருந்து தொடங்கலாம். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் சிவப்புச் சாயம் தரும் கோச்சினியல் பூச்சியை வளர்ப்பதற்காக ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே வைத்திருந்தார். சாயத் தொழில் எடுபடவில்லை, கள்ளி எடுபட்டது. முள் உண்டு, தண்ணீர் வேண்டாம், ஒரு மடலைக் கிள்ளிப் போட்டால் செடி. வேலிக்கு இதைவிட என்ன வேண்டும்? வேலியில் நின்றது மேய்ச்சல் நிலத்துக்கு இறங்கி, புறம்போக்கையெல்லாம் மூடியது. 1926இல் இலங்கையிலிருந்து கோச்சினியல் இனத்துப் பூச்சியொன்றைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அது அடங்கியது. ஆஸ்திரேலியாவில் இந்தக் கதை இன்னும் பெரிது. அங்கே 1920களில் ஏறக்குறைய இரண்டரைக் கோடி ஹெக்டேர் நிலம் கள்ளியின் கையில் இருந்தது. அர்ஜென்டினாவிலிருந்து போன ஓர் அந்துப்பூச்சியின் புழு அதைத் தின்று தீர்த்தது. குவீன்ஸ்லாந்தில் பூனார்கா என்ற சிற்றூரில் அந்தப் பூச்சியின் பெயரில் ஒரு நினைவு மண்டபம் இன்றும் இருக்கிறது. பூச்சிக்கு மண்டபம் கட்டும் அளவுக்கு ஒரு வேலிச்செடி மனிதர்களைப் படுத்தியிருக்கிறது.

உண்ணிச்செடி அழகுக்காக வந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு வந்து, பங்களாக்களின் வேலியோரம் நின்று, குருவிகள் பழத்தைத் தின்று எச்சமிட்டதில் காடேறியது. முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் இன்று யானைக்கும் மானுக்கும் புல் இல்லாமல் செய்வது அதுதான். கூடலூர்ப் பக்கத்தில் பழங்குடிக் கலைஞர்கள் அந்த உண்ணிக் குச்சிகளை வளைத்து ஆளுயரத்தைத் தாண்டிய யானைச் சிற்பங்கள் செய்கிறார்கள். செடிக்கு நான் பார்த்த ஒரே நல்ல உபயோகம். சீமைக்கருவேலம் 1870களில் வறண்ட நிலத்துக்கு விறகாகவும் வேலியாகவும் வந்தது. நெய்வேலிக் காட்டாமணக்கு வயலோரத்தில் ஊன்றிய குச்சியாகத் தொடங்கி, வாய்க்காலுக்குள் இறங்கி, ஏரிக்குள் போய் உட்கார்ந்தது. மாடு அதைத் தொடாது. அதற்காகத்தான் நட்டார்கள், அதனால்தான் அது நிற்கவும் இல்லை.

கடைசியாகக் கோனோகார்பஸ். இதை நட்டவர்கள் இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களிலேயே பலர் இருப்பார்கள். வளைகுடா நாடுகளின் சாலையோரங்களில் வெயிலையும் உப்பு மண்ணையும் தாங்கிப் பச்சைச் சுவராக நின்றதைப் பார்த்து வந்தவர்கள் கேட்டார்கள். நர்சரிகள் பதியன் போட்டுத் தள்ளின. பூங்கா, கல்லூரி, குடியிருப்பு என்று எல்லா மதில் ஓரத்திலும் ஏறியது. அதன் வேர் தண்ணீர்க் குழாயையும் சாக்கடைக் குழாயையும் தேடிப் போகும் என்பது குவைத்திலும் இராக்கிலும் முன்பே தெரிந்த விஷயம். மகரந்தம் மூச்சுக்கு ஆகாது என்ற குற்றச்சாட்டு எவ்வளவு சரி என்பதில் தாவரவியலாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. எனக்கு வேர் ஒன்றே போதுமான காரணம். குஜராத் 2023இல் அதை நடக் கூடாது என்றது, தமிழ்நாடு 2025இல் தடை செய்தது. தடைக்கு முன் வைத்ததை என்ன செய்வது என்ற கேள்வி இப்போது பல வீட்டு மதில்களில் இருபதடி உயரத்துக்கு நின்றுகொண்டிருக்கிறது.

வேகத்தில் கோளாறு ஒன்றுமில்லை. நிற்கத் தெரியாததுதான் கோளாறு. ஒரு செடி பக்கவாட்டில் நிற்காமல் போகலாம். மேலே கள்ளியிலும் உண்ணியிலும் பார்த்தது அது. உயரத்திலும் நிற்காமல் போகலாம். அதற்கு உலகப் பிரசித்தமான சாட்சி இங்கிலாந்தின் லேலண்ட் சைப்ரஸ்.

அது இயற்கையில் பிறந்திருக்கவே முடியாத மரம். கலிஃபோர்னியாக் கடலோரத்து மான்டரே சைப்ரஸும் அலாஸ்காப் பக்கத்து நூட்கா சைப்ரஸும் தத்தம் ஊரில் இருந்தவரை ஒன்றையொன்று பார்த்ததில்லை. வேல்ஸ் நாட்டில் வெல்ஷ்பூல் ஊருக்கருகே லெய்ட்டன் ஹால் என்ற பண்ணை மாளிகையில் இரண்டையும் அடுத்தடுத்து நட்டு வைத்திருந்தார்கள். 1888இல் அங்கே கலப்பு நாற்றுகள் கிடைத்தன. அந்தக் குடும்பத்தின் சி. ஜே. லேலண்ட் அவற்றைத் தன் நார்தம்பர்லாந்து தோட்டத்துக்கு எடுத்துப் போனார். மரம் அவர் பெயரைச் சுமக்கிறது. விதை பெரும்பாலும் முளைக்காது, ஆகவே காடு பிடிக்கும் பயம் இல்லை. குச்சியில் வேர் பிடிக்க வைக்கத் தோட்டக்கடைகள் கற்றுக்கொண்டபோது அது புறநகர் வீடுகளின் செல்லமாயிற்று. வருடத்துக்கு ஒரு மீட்டர் ஏறும். ஐந்தாறு வருடத்தில் பக்கத்து வீட்டுக்காரர் மறைந்துவிடுவார். ஆனால் ஆறாம் வருடத்தில் மரத்துக்குச் செய்தி போவதில்லை. அது முப்பது மீட்டரைத் தாண்டிப் போகிற இனம். அந்தப் பக்கத்து வீட்டின் சமையலறையில் பகலிலேயே விளக்கெரிய வேண்டியதாகிறது, புல்தரை பாசி பிடிக்கிறது, கோபம் வளர்கிறது.

வாக்குவாதங்கள் நீதிமன்றத்துக்கும் சில சமயம் கைகலப்புக்கும் போன பிறகு, நாடாளுமன்றமே ஒரு வேலிச்சட்டம் போட்டது. 2003ஆம் ஆண்டின் சமூக விரோத நடத்தைச் சட்டத்தில், எட்டாம் பகுதி முழுக்க 'உயர்ந்த வேலிகள்' பற்றியது. இங்கிலாந்தில் 2005 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்தது. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பசுமை மாறா மரங்கள் வரிசையாக நின்று, இரண்டு மீட்டருக்கு மேல் வளர்ந்து, வெளிச்சத்தைத் தடுத்தால் உள்ளாட்சியிடம் புகார் கொடுக்கலாம். சுவரில் கிறுக்குபவனைப் பற்றிப் பேசும் அதே சட்டத்தில் மரவேலிக்கும் இடம்! உள்ளாட்சி உயரத்தைக் குறைக்கச் சொல்லலாம், ஆனால் மரத்தையே எடுத்துவிடச் சொல்ல அதிகாரமில்லை. இங்கே மரத்தின் இன்னொரு குணம் வந்து மறிக்கிறது. லேலண்டைப் பச்சை இருக்கும் அளவுக்குத்தான் வெட்டலாம். உள்ளே பழுப்பேறிய மரத்தண்டுவரை வெட்டிவிட்டால் அங்கே மறுபடி தளிர் வராது. பழுப்பு எலும்புக்கூடு நிற்கும். ஆண்டாண்டு வெட்டி வந்தவனுக்கு அது நல்ல வேலி. பத்து வருடம் விட்டுவிட்டவனுக்கு மீட்சியில்லை.

நம் ஊர்க்காரருக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். நமக்கு அந்த மரம் வராது, அந்தச் சட்டமும் இல்லை. ஆனால் அங்கே நடந்த தப்பின் வேர் இங்கேயும் அப்படியே இருக்கிறது. எவ்வளவு உயரம் வேண்டும் என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

கணக்கு ஏழாம் வகுப்புப் பையன் போடுவதுதான். உங்கள் சிமென்ட் பெஞ்சு மதிலிலிருந்து பத்தடி உள்ளே இருக்கிறது. பக்கத்து வீட்டு மாடி ஜன்னல் மதிலிலிருந்து இருபதடி அப்பால். உட்கார்ந்திருக்கும் உங்கள் கண் தரையிலிருந்து நாலடி. மாடியில் நிற்பவர் கண் பதினாறடி என்று வைப்போம். அந்தக் கண்ணிலிருந்து இந்தக் கண்ணுக்கு ஒரு கயிறு கட்டினால் அது மதிலைக் கடக்கும் இடத்தில் உயரம் எட்டடி. அவ்வளவுதான். மதில் ஐந்தடி என்றால் அதற்கு மேல் மூன்றடிப் பச்சை. அந்த வீடு நெருங்கிப் பத்தடியில் நின்றால் பத்தடி வேண்டும். இரண்டாம் மாடி என்றால், கண் இருபத்தாறடியில் இருக்கும்போது, முதலில் சொன்ன தூரத்துக்கு ஏறக்குறைய பதினொன்றரை அடி. மறைப்பை மதிலோரத்தில் வைக்காமல் பெஞ்சிலிருந்து நாலடி தள்ளி ஒரு பந்தலாகவோ புதராகவோ வைத்தால் முதல் மாடிக்கு ஆறடிகூட வேண்டாம். பாகல் கொடியும் அவரைக் கொடியும் செய்யும் வேலை அது. பார்ப்பவரிடமிருந்து மறைய, பார்ப்பவர் பக்கத்தில் மரம் வளர்க்க வேண்டியதில்லை. மறைய விரும்புகிறவரின் பக்கத்தில் ஒரு செடி போதும். இந்தக் கணக்கைப் போட்டவர் நாற்பதடி மரம் வாங்க மாட்டார்.

எட்டடி, பத்தடி என்று குறி வைத்துவிட்டால் கடையில் நம் தேர்வே மாறிவிடும். செம்பருத்தி அங்கே வந்து நிற்கும். நந்தியாவட்டை, மருதாணி, பவளமல்லி, நொச்சி, ஆடாதொடை, களா எல்லாம் வரும். முன்பு கொல்லைப்புறத்தில் ஒழுங்கில்லாமல் நின்றவைதான். மருதாணி வெட்ட வெட்ட அடர்ந்து குச்சிகளாலேயே சுவராகும். களா முள்ளோடு ஊறுகாய்க்குக் காயும் கொடுக்கும். நொச்சியும் ஆடாதொடையும் வீட்டுக்கு மருந்து. இவற்றுக்கு இரண்டு மூன்று வருடம் ஆகும். அந்த இரண்டு மூன்று வருடம்தான் பிரச்சினை. அதைத் தாங்க முடியாமல்தான் எல்லோரும் வேகத்தைக் கேட்கிறார்கள்.

நெட்டிலிங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பலர் அசோக மரம் என்று சொல்லி வாங்குவது இதைத்தான். தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்த மரம், தொங்கும் கிளையுள்ள வகை அகலத்தில் ஒடுங்கி நிற்கும், இலை கண்ணாடிபோல் பளபளக்கும். குயிலுக்கும் பழந்தின்னி வௌவாலுக்கும் அதன் பழம் பிடிக்கும். காலையில் கொட்டைகளைக் கூட்ட வேண்டியிருக்கும். இரண்டாம் மாடிக்கு மறைப்பு வேண்டுமானால் நான் இதைச் சொல்வேன். முதல் மாடிக்கு இது அதிகம். மூங்கிலை ஆசைப்படுகிறவர்களும் உண்டு. புதராக நிற்கும் வகை என்றால் சரிதான், ஆனால் ஒன்றை அறிந்துகொள்ளட்டும். மூங்கில் குருத்து தன் முழு உயரத்தையும் ஒரே மழைக்காலத்தில், இரண்டு மூன்று மாதத்தில் எட்டிவிடும். பிறகு தடிக்கவும் செய்யாது, உயரவும் செய்யாது. இன்னும் உயரம் வேண்டுமானால் அடுத்த வருடக் குருத்துதான். ஐந்தடிப் பின்வெளியில் சம்ப்பும் செப்டிக் டேங்க்கும் மோட்டாரும் இருக்கும் வீட்டில் அந்தப் புதர் எங்கே அகலப்போகிறது என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் நட வேண்டும்.

வேகம் கட்டாயம் வேண்டும் என்கிறவருக்கு என் யோசனை, சீக்கிரம் சாகிற வேகத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள் என்பதுதான். அதற்கு நம்மிடம் அகத்தி இருக்கிறது.

வெற்றிலைக் கொடிக்காலைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். வெற்றிலைக்கு நிழல் வேண்டும், ஏறக் கால் வேண்டும், இரண்டும் உடனே வேண்டும். கொடிக்கால்காரர் வருடக்கணக்கில் காத்திருக்கும் மரத்தை நடுவதில்லை. வரிசைவரிசையாக அகத்தி விதை ஊன்றி, அது மளமளவென்று எழும்ப, அதன்மேல் கொடியைக் கட்டுகிறார். கொடி ஓய்கிறபோது அகத்தியும் ஓய்ந்துவிடும். தோட்டமே மறுபடி புதிதாகத் தொடங்கும். நிலத்துக்குத் தழைச்சத்து சேர்ந்திருக்கும், கீரையும் பூவும் தின்றாகிவிட்டிருக்கும், ஆட்டுக்கும் போட்டாகிவிட்டிருக்கும். அந்த மரத்திடம் யாரும் ஐம்பது வருடம் எதிர்பார்க்கவில்லை. மதிலோரத்தில் செம்பருத்தியையோ களாவையோ நட்டு, அதற்குப் பின்னால் நெருக்கமாக அகத்தியை விதைத்தால், முதல் வருடமே அது இரண்டாள் உயரத்தை எட்டி ஜன்னலை மறைக்கும். இலை அடர்த்தி இல்லாதது. ஆகவே கீழே இருக்கும் செடிக்கு வெயில் கிடைக்கும். மூன்றாம் நாலாம் வருடத்தில் அகத்தி காற்றில் முறியும்போது முன்னால் இருப்பது தன் உயரத்துக்கு வந்திருக்கும். முருங்கையும் இந்த வேலையைச் செய்யும், கம்பளிப்புழுவுக்கு அஞ்சாத வீடாக இருந்தால்.

உயிர்வேலியை நம் ஊர்கள் எப்படி வைத்திருந்தன என்பதைப் பார்த்தாலும் இதே பொறுமைதான் தெரியும். காங்கயம், தாராபுரம், மூலனூர் பக்கத்தில் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களைச் சுற்றி நிற்பது கிளுவை. உள்ளே கொழுக்கட்டைப்புல், இடையிடையே வெள்வேல மரம், மேய்வது காங்கயம் மாடு. கிளுவைப் போத்தை மழைக்கு முன் வெட்டி நெருக்கமாக ஊன்றி, ஓரிரு வருடம் இடைவெளியில் முள் அடைத்து, பிறகு கிளைகளை ஒன்றோடொன்று பின்னி விடுவார்கள். கோடையில் இலையை உதிர்த்துவிடும். ஆனால் பின்னிய முள்ளுக்கு இலை வேண்டியதில்லை. அதன்மேல் பிரண்டை படரும், கோவை படரும், வேலிப்பருத்தியும் முசுமுசுக்கையும் படரும். சளிக்குத் துவையல் அரைக்க வேண்டுமென்றால் வேலிக்குப் போனால் போதும். கௌதாரி அங்கே முட்டையிடும், ஓணான் குடியிருக்கும், கீரி புகுந்து போகும். ஒரு வேலிக்குள் இத்தனை பேர் பிழைக்கிறார்கள் என்பதற்குக் காரணம், அதில் எல்லோரும் கொஞ்சம் தின்னலாம் என்பதே. ஆடும் கிளுவை இலையைத் தின்னும். தின்றும் கிளுவை இருக்கிறது. இன்று கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுப்பது ஒரே நாள் வேலை. கிளுவை வெட்டி அடைக்கத் தெரிந்த ஆள்கள் குறைந்துவிட்டார்கள். கம்பியின்மேல் பிரண்டையும் அவ்வளவாக ஏறுவதில்லை.

யாழ்ப்பாணத்து வேலி இதைவிட நுணுக்கமானது, ஏனென்றால் அது காட்டுக்கான வேலி இல்லை, வளவுக்கான மறைப்பு. பூவரசு, முள்முருக்கு, கிளுவை, சீமைக்கிளுவை என்று போத்துகளைக் கதியாலாக நட்டு, அவற்றின் இடையில் கிடுகோ பனையோலையோ வைத்து வரிச்சுப் பிடித்துக் கட்டுவார்கள். ஓலை இற்றுப்போகும், திரும்ப அடைக்க வேண்டும். கதியால் தழைக்கும், வெட்ட வேண்டும். வெட்டிய குழை ஆட்டுக்கும் தோட்டத்துப் பசளைக்கும் போகும். ஆக, வேலி என்பது ஒருமுறை எழுப்பிவிட்டு மறந்துவிடும் பொருளாக அங்கே ஒருபோதும் இருந்ததில்லை. இரு வீட்டாரும் அடிக்கடி ஒரே நாளில் அந்தக் கோட்டில் வந்து நிற்க வேண்டியிருந்தது. கதியாலை நாலங்குலம் தள்ளி நட்டதாக எழுந்த எல்லைச் சண்டைகளும் அந்தக் கோட்டில்தான். இருந்தாலும் எனக்குப் பிடித்தது பொட்டு. ஆள் புகுந்து போகும் அளவுக்கு வேலியில் விட்டு வைக்கும் இடைவெளிக்கு அந்தப் பெயர். இந்த வீட்டுப் பிள்ளைகள் அந்த வீட்டுக் கிணற்றடிக்குப் போவதும் கறிக்கிண்ணம் கைமாறுவதும் அந்த வழியில். கோபம் வந்தால் பொட்டு அடைபடும், ஆறினால் திறக்கும். போருக்குப் பிறகு பல வளவுகளில் வேலி போய் மதில் வந்துவிட்டது. மதிலில் பொட்டு வைக்க முடியாது.

மறைப்பு வேண்டும் என்று நினைப்பதைக் குறைவாகச் சொல்லவில்லை. நைட்டியோடு பின்வாசலில் நிற்கிற பெண்ணுக்கும், நாற்காலியில் வெயில் காய்கிற வயோதிகருக்கும் அது வேண்டியதுதான். அந்த விருப்பத்துக்கு எட்டடிப் பச்சையே விடை. நாற்பதடிப் பச்சை அவர்கள் கேட்காதது. அதன் வேர் போகும் தூரத்தையும், அதன் விதை விழும் ஏரியையும், அதை வெட்டும் கூலியையும் சேர்த்துத்தான் அந்த மரத்தின் விலை. நர்சரியில் சொல்லப்படும் விலை வெறும் கன்றின் விலை.

செடி வாங்கப் போகிறவர்களுக்கு இரண்டு வேண்டுகோள். ஊர்ச்செடியை நன்கு தெரிந்தே வாங்குவீர்கள், அதற்கு விசாரணை வேண்டாம். புதுப் பெயர் சொல்லி ஒரு செடியை நீட்டினால், இதன் இலையை ஆடு தின்னுமா என்று கேளுங்கள். தொடவே தொடாது என்று பெருமையாகச் சொன்னால் அடுத்த வரிசைக்கு நகருங்கள். தின்னும் என்றால் வாங்கிக்கொள்ளலாம், இரண்டு வருடம் வலை கட்டிக் காத்தால் போதும். காயை மட்டும் தின்னும் என்று சொன்னால் இன்னும் எச்சரிக்கை வேண்டும்; சீமைக்கருவேலம் ஊர் ஊராகப் போனது ஆட்டுப் புழுக்கையில்தான்.

இன்னொன்று, குழி வெட்டுவதற்கு முன் பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லிவிடுங்கள். எவ்வளவு உயரத்தில் நிறுத்தப் போகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். இலையில் பாதி அவர்கள் பக்கம்தான் விழும், கூட்டப்போவது அவர்கள். வருடத்துக்கு இரண்டு தடவை வெட்டுகிற ஆளுக்குக் கூலி யார் கொடுப்பது என்பதையும் அன்றைக்கே பேசி முடித்துக்கொள்வது நல்லது.